சோறு இருந்தும் உண்ணாத பிள்ளை: உடல் நிறையும் மீட்சியும்

பட்டினி என்றால் என்ன என்பதை எமது வாவிக்கரை மக்களுக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 இல் படுவான்கரை வயல்களையும் மாடுகளையும் விட்டுவிட்டுக் காத்தான்குடிக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் அதை அறியும். 2004 மார்கழி 26 ஆம் திகதி கடலிடம் எல்லாவற்றையும் இழந்த கரையோரக் குடும்பங்கள் அறியும். 2007 இல் வாவியைக் கடந்து வந்து, எழுவான்கரையின் நலன்புரி நிலையங்களில் தறப்பாளின் கீழ் இருந்து, உலர் உணவுக்கு வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மூன்று வேளைச் சாப்பாட்டை இரண்டாக்கிய வீடுகளும் அறியும். உணவு இல்லாததால் வந்த பட்டினி அது. உணவு வந்ததும் அது தீர்ந்தது.

ஆனால் வேறொரு பட்டினியும் உண்டு. அடுப்பில் சோறு இருக்கும், சட்டியில் மீன் கறி இருக்கும். பிள்ளையின் கை மட்டும் கோப்பைக்குப் போகாது. “சாப்பிட்டுட்டன்” என்பாள், “பசிக்கல்ல” என்பாள், “வயிறு ஊதிக் கிடக்கு” என்பாள். மாதங்கள் போகப் போகச் சட்டை தொளதொளக்கும், கன்னம் ஒட்டும். தாய் கெஞ்சுவாள், தகப்பன் ஏசுவார், மாமியார் நேர்த்தி வைப்பார். நிறை குறைந்துகொண்டே போகும். இந்தப் பட்டினியும் நோய்தான். உயிரை எடுக்கக்கூடிய நோய். இது உடல் நிறையை என்ன செய்கின்றது, இழந்த நிறையை எவ்வாறு மீட்பது, அந்த மீட்சிக்கு ஏன் பொறுமை வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சொல்லின் பொருள்

வைத்தியர் எழுதித் தரும் துண்டில் சில வேளை ‘அனோரெக்சியா’ என்ற சொல்லைக் காணலாம். இது கிரேக்கச் சொல். ‘ஓரெக்சிஸ்’ என்றால் நாட்டம், பசி. முன்னால் வரும் ‘அன்’ என்பது இன்மையைக் குறிக்கும். ஆகவே சொல்லின் நேர்ப்பொருள் பசியின்மை என்பதாகும். காசநோய், செங்கண்மாரி, டெங்கு, புற்றுநோய், குடற்புழு, மனச்சோர்வு போன்ற பல நோய்களில் இந்தப் பசியின்மை ஓர் அறிகுறியாக வரும். மூல நோயைக் கண்டு மருந்து செய்தால் பசி திரும்பும்.

‘அனோரெக்சியா நேர்வோசா’ என்று இரண்டு சொல்லாக எழுதப்பட்டிருந்தால் அது ஒரு தனி நோயின் பெயர். மனத்தில் வேர்கொண்டு உடலை மெலிய வைக்கும் உண்ணாமை நோய் அது. 1689 இல் இலண்டன் வைத்தியர் றிச்சர்ட் மோட்டன், உடல் உருக்கும் நோய்களைப் பற்றிய தமது நூலில், காசநோய் இல்லாமலேயே எலும்பும் தோலுமான ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். 1873 இல் பாரிஸில் லசேக் என்பவரும் இலண்டனில் சேர் வில்லியம் கல் என்பவரும் தனித்தனியே இந்நோயை விவரித்தார்கள். இன்றுள்ள பெயரை இட்டவர் கல். ஆனால் பெயர் சற்றுப் பிழையானது. இந்நோயாளிக்குப் பெரும்பாலும் பசி இருக்கும். அந்தப் பசியை அடக்கி வெல்வதையே மனம் ஒரு வேலையாக எடுத்துக்கொள்கின்றது.

“இது வெள்ளைக்காரர் நோய், மெலிவாக இருக்க வேண்டும் என்ற ஆசையால் பணக்காரப் பிள்ளைகளுக்கு வருவது” என்று பலர் எண்ணுகின்றனர். 1990களில் ஹொங்கொங்கில் சிங் லீ என்ற மனநல வைத்தியர் கண்ட நோயாளிகளில் பலர், தாங்கள் பருத்துவிடுவோம் என்று அஞ்சவில்லை. வயிறு நிரம்பியிருக்கின்றது, பசியில்லை என்றே சொன்னார்கள். அதே காலத்தில் இந்தியாவில், டில்லி வைத்தியர்கள் எழுதிய நோயாளிகளிலும் இது போன்றவர்கள் இருந்தார்கள். ஆகவே “நான் குண்டு” என்று பிள்ளை சொல்லாததால் அவளுக்கு இந்நோய் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. பெரும்பாலும் பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளுக்கே இது வருகின்றது. ஆண் பிள்ளைகளுக்கும் வருவதுண்டு.

எமது வீடுகளில் ஏன் கண்ணில் படுவதில்லை?

எல்லோரும் ஒரு வேளையை விடுகின்ற வீட்டில், எல்லா வேளையையும் விடுகின்றவள் தெரிய மாட்டாள். எமது வழக்கத்தில் ஆண்களுக்கும் சிறுவருக்கும் பரிமாறிய பின்னரே பெண்கள் உண்பார்கள். மூத்த மகள் கடைசியாக, குசினியில் தனியே சாப்பிடுவாள். அவள் சாப்பிட்டாளா என்று பார்ப்பவர் எவருமில்லை. தன் பங்கைத் தம்பிமாருக்குக் கொடுத்துவிடுகின்ற பிள்ளையை நாம் பொறுப்பான பிள்ளை என்று மெச்சுகின்றோம். இடம்பெயர்ந்து வந்து, இருந்ததெல்லாம் போய், பெரியவர்கள் நிவாரணத்துக்கும் கூலி வேலைக்கும் அலைகின்ற நாட்களில், வாய் திறந்து ஒன்றும் கேட்காத பிள்ளை எமக்குப் பெரிய ஆறுதல். அந்த அமைதிக்குள்ளும் இந்நோய் வளரலாம்.

இந்நோய்க்கு ஒரே காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. பிறப்போடு வரும் தன்மை, பருவ மாற்றம், இழப்பு, பயம், வகுப்பில் கேலி, வயிற்று நோயினால் ஏற்பட்ட மெலிவு என்று பல சேரும். எல்லாம் கைவிட்டுப் போன ஒருவருக்கு, தன் வயிறு ஒன்றாவது தன் சொல்லைக் கேட்கின்றதே என்ற எண்ணமும் வரலாம். பெற்றோரின் வளர்ப்புப் பிழையால் வந்தது என்று பழி சொல்வதற்கு ஆதாரமில்லை. அந்தப் பழி எவருக்கும் உதவவும் மாட்டாது.

நிறை குறையும்போது உடலில் நடப்பது

கமக்காரக் குடும்பத்துக்கு இதை விளக்குவது இலகு. அறுவடை பொய்த்த வருடம் வீட்டில் அடுக்கி வைத்த நெல் மூடைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கின்றோம். அது முடிந்தால் விதைநெல்லில் கை வைக்கின்றோம். உடலும் அப்படித்தான். முதலில் ஈரலிலுள்ள சிறிது சர்க்கரைச் சேமிப்பு ஒரு நாளளவில் தீரும். பின்னர் கொழுப்பு கரையும். கூடவே தசையும் கரையும். தசை என்பது கை கால் மட்டும் அன்று, இருதயமும் தசைதான். இருதயத்தைத் தின்னத் தொடங்கிய உடல் விதைநெல்லைத் தின்னத் தொடங்கிய வீடு.

மிச்சமிருப்பதைக் காப்பாற்ற உடல் தன் செலவைக் குறைக்கின்றது. நாடித் துடிப்பு மெதுவாகும். குருதி அமுக்கம் இறங்கும். கையும் காலும் குளிரும். வெயில் காலத்திலும் போர்த்துக்கொள்வாள். மாதவிடாய் நின்றுபோகும். தலைமயிர் கொட்டும், கையிலும் முதுகிலும் பூனைமயிர் போல மெல்லிய மயிர் முளைக்கும். மலச்சிக்கல் வரும். எலும்பு வலுவிழக்கும், வளரும் வயதில் இழந்த எலும்பு வலு பின்னர் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். மூளையும் சற்றுச் சுருங்குவதைப் படங்களில் கண்டிருக்கின்றார்கள். இவ்வளவும் நடக்கும்போது இரத்தப் பரிசோதனை சரியாகவே இருக்கக்கூடும். ஆகவே “இரத்தத்தில் ஒன்றுமில்லை” என்ற முடிவை மட்டும் வைத்து மனம் ஆற வேண்டாம்.

நிறையை அளக்க ஒரு கணக்கு உண்டு. கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் ஒரு முறை வகுத்து, வந்த விடையை உயரத்தால் இன்னொரு முறை வகுக்க வேண்டும். இதை உடல் திணிவுச் சுட்டி என்பர். வளர்ந்தவருக்கு 18.5 இற்குக் குறைந்தால் மெலிவு. 16 இற்குக் குறைந்தால் கடும் மெலிவு. 1.55 மீற்றர் உயரமும் 48 கிலோ நிறையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவரது சுட்டி 20. அவர் 36 கிலோவுக்கு இறங்கினால் சுட்டி 15. உடலின் காற்பங்கு போய்விட்டது. 18 வயதுக்குட்பட்டோருக்கு இந்த எல்லைகள் அப்படியே பொருந்தா. அவர்களுக்கு வயதையும் சேர்த்துப் பார்க்கும் வளர்ச்சி அட்டை உண்டு. வளரும் பிள்ளையின் நிறை குறையாமல் ஆறு மாதம் ஒரே இடத்தில் நிற்பதும் கவனிக்க வேண்டிய செய்தியே. எவ்வளவு வேகமாக இறங்குகின்றது என்பதும் முக்கியம். சற்றுப் பருமனாக இருந்தவர் விரைவாக இறங்கினால், பார்வைக்கு மெலிவாகத் தெரியாமலே ஆபத்தில் இருக்கலாம்.

மின்னசோட்டாவில் கற்ற பாடம்

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிய அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 1944 கார்த்திகையில் தொடங்கிய அவ்வாய்வை நடத்தியவர் அன்சல் கீஸ். போருக்குப் போக மனச்சாட்சி இடங்கொடாத 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தார்கள். சமாதானத்தைத் தம் சமயக் கடமையாகக் கொண்ட சபைகளைச் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். ஆறு மாதம் அவர்களுக்கு வழமையான உணவின் பாதியளவே கொடுக்கப்பட்டது. உடல் நிறையின் ஏறக்குறையக் காற்பங்கை இழந்தார்கள். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 55 இலிருந்து 35 அளவுக்கு இறங்கியது.

அதைவிட வியப்பானது அவர்களின் மனத்துக்கு நடந்தது. நல்ல மனநலம் உள்ளவர்கள் என்று தெரிந்தெடுக்கப்பட்ட அந்த இளைஞர்கள் எரிந்து விழுந்தார்கள், தனிமையை நாடினார்கள், சோர்ந்தார்கள். இரவு பகலாக உணவைப் பற்றியே எண்ணினார்கள். சிலர் சமையற் குறிப்புகளைச் சேர்த்தார்கள். ஒரு சிறு துண்டு பாணை நெடுநேரம் வைத்துத் தின்றார்கள்.

எமது பிள்ளைகளிடம் நாம் காண்பதும் இதுவே. தான் உண்ணாமல் மற்றவர்களுக்குச் சமைத்துப் பரிமாறும் ஆசை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருத்தல், சிறு சொல்லுக்கும் சீறுதல், சிநேகிதிகளை விட்டு விலகுதல் ஆகியவற்றைப் பிடிவாதம், திமிர், செய்வினை என்று பெயரிடுகின்றோம். அவற்றில் பெரும்பகுதி பட்டினியின் வேலை. மெலிந்த உடல் மனத்தை மாற்றுகின்றது. மாறிய மனம் உடலை மேலும் மெலிய வைக்கின்றது. இந்தச் சுழியை அறுக்கும் முதற்படி உணவும் நிறையும்தான். “மனம் சரியானால் சாப்பிடுவாள்” என்று காத்திருப்பவர்கள் காலத்தை இழக்கின்றார்கள். நிறை ஏறிய பின்பே மனத்தோடு பேச முடிகின்றது.

இன்னொரு பாடமும் உண்டு. ஆய்வு முடிந்து உணவு கொடுத்தபோது, கூடுதலாக விற்றமின் குளிசை கொடுத்ததால் பெரிய பயன் காணப்படவில்லை. போதிய உணவே அவர்களைத் தேற்றியது. சிலருக்குச் சாதாரண மனிதனின் தேவையைவிட அதிகமாக, நாளொன்றுக்கு 4000 கலோரியளவு வேண்டியிருந்தது. ஆகவே கடையில் விலை கூடிய டொனிக் போத்தலுக்குக் கடன்பட வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டையும் பாலும் கச்சானும் வாங்குங்கள்.

விருந்து வைத்துக் கொல்லக் கூடாது

மிக மெலிந்த பிள்ளை ஒருநாள் “சாப்பிடுறன்” என்றால் வீடு மகிழும். கோழி அடிப்பார்கள், பாயசம் காய்ச்சுவார்கள். இங்கேதான் பேராபத்து. 1945 சித்திரையில் ஜேர்மனியின் பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது, பட்டினியால் வாடியவர்களுக்குப் படைவீரர் தம் கையிலிருந்த கொழுத்த உணவை அன்போடு கொடுத்தார்கள். முகாமில் காய்ச்சலும் பரவியிருந்தது. விடுதலைக்குப் பின்னரும் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அவர்களுள் அந்த உணவைத் தாங்க முடியாமல் இறந்தவர்களும் இருந்தார்கள். அதன்பின், 1943 வங்காளப் பஞ்சத்தில் பயன்பட்ட பால்மா, மா, சீனி சேர்ந்த கூழ் அங்கே கொண்டுவரப்பட்டது.

காரணம் இதுதான். நெடுநாள் பட்டினியில் உடலிலுள்ள பொசுபரசு, பொட்டாசியம், மகனீசியம் ஆகிய உப்புகளின் இருப்பு குறைந்திருக்கும். திடீரென்று சோறும் சீனியும் உள்ளே போனால் இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் இவ்வுப்புகளைக் கலங்களுக்குள் இழுத்துவிடும். இரத்தத்தில் அவை வற்றினால் இருதயம் தடுமாறும், மூச்சு தளரும், கால் வீங்கும், வலிப்பு வரும். விற்றமின் பி1 குறைவினால் மூளையும் பாதிக்கப்படலாம். இவை பெரும்பாலும் உண்ணத் தொடங்கிய முதல் வாரத்திற்குள்ளேயே நடக்கும்.

வெடித்துக் கிடக்கும் வயலுக்குக் குளத்தின் கதவை முழுதாகத் திறந்துவிட்டால் வரம்பு உடையும். வாய்க்கால் வழியே அளவாகத்தான் விடுவோம். ஆகவே உடல் திணிவுச் சுட்டி 16 இற்குக் குறைந்தவர், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நிறையில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் இழந்தவர், பத்து நாளுக்கு மேலாக ஏறக்குறைய ஒன்றுமே உண்ணாதவர் ஆகியோருக்கு வைத்தியசாலையில், இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே உணவைக் கூட்ட வேண்டும். இதை வாசித்துவிட்டு உணவு கொடுக்கப் பயந்து பட்டினியை நீடிக்கவும் வேண்டாம். பிள்ளையை விரைவாக வைத்தியரிடம் காட்டுங்கள் என்பதே இதன் பொருள்.

சிறு குழந்தைகளுக்கும் இதே விதிதான். கடும் போசாக்கின்மையால் வாடிய குழந்தை பசியையும் இழந்துவிட்டால் அது ஆபத்தின் அடையாளம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையான குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்து, உண்ணவும் மறுத்தால், திரிபோஷா கொடுத்து வீட்டில் வைத்துப் பார்க்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும்.

மீட்சியின் கணக்கு

இனி நிறை எவ்வளவு விரைவாக ஏறும் என்று பார்ப்போம். வீட்டில் இருந்து தேறுபவருக்கு வாரத்துக்கு அரைக் கிலோ ஏறினால் நல்லது. வைத்தியசாலையில் வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ வரை எதிர்பார்ப்பார்கள். மேலே சொன்ன பெண் இழந்த 12 கிலோவை வாரம் அரைக் கிலோவாக மீட்க 24 வாரம் செல்லும். ஏறக்குறைய ஆறு மாதம். அதாவது ஒரு முழுப் பெரும்போகமும் அதற்கு மேலும்.

அரைக் கிலோ ஏற, உள்ள நிறையைக் காக்கும் உணவுக்கு மேலாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி வேண்டும். இதை எமது வீட்டு உணவில் இப்படிச் சேர்க்கலாம்: ஒரு முட்டை 75, ஒரு வாழைப்பழம் 100, ஒரு கோப்பை பால் 130, ஒரு பிடி கச்சான் 170. மொத்தம் 475. சோற்றில் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயோ நெய்யோ விட்டால் இன்னும் 120. பிட்டுக்குத் தேங்காய்ப் பூவைக் கூட்டலாம், சொதியை முதற்பாலில் வைக்கலாம், எருமைத் தயிரில் சீனி சேர்க்கலாம். சிறிய அளவுக்குள் கூடிய சத்து இருக்க வேண்டும். ஏனெனில் பிள்ளையின் வயிறு விரைவில் நிரம்பிவிடும்.

“வயிறு ஊதிக் கிடக்கு” என்று பிள்ளை சொல்வது பொய்யல்ல. பட்டினியில் இரைப்பை சோம்பிவிடும். உணவு அதில் நெடுநேரம் தங்கும். அதற்கு மருந்தும் உணவே. சில வாரங்கள் ஒழுங்காக உண்டால் இரைப்பை பழைய வேலைக்குத் திரும்பும். இந்த வாரங்களே பிள்ளைக்கு மிகக் கடினமானவை.

நிறை ஏறும் வழியும் நேர்வழியன்று. முதல் நாட்களில் இரண்டு கிலோ ஏறலாம். அது பெரும்பாலும் நீர். பின்னர் பல நாள் அசையாமல் நிற்கலாம். உடல் சூடேறி, நாடி வேகம் பெற்று, பழுதான இடங்களைத் திருத்துவதால் உணவு அங்கே செலவாகின்றது. முதலில் வயிற்றுப் பக்கம் சதை வைத்து, பின்னர் உடல் முழுவதும் பரவும். இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவள் பயப்பட மாட்டாள். மாதவிடாய் திரும்புவது நல்ல அடையாளம். ஆனால் நிறை சரியான பின்னரும் அதற்குப் பல மாதம் செல்லலாம். மனத்திலுள்ள பயம் எல்லாவற்றிற்கும் கடைசியாகவே போகும். ஆகவே நிறை வந்தவுடன் “சுகம்” என்று கைவிட வேண்டாம். பல போகம் தரிசாகக் கிடந்து பற்றை மண்டிய வயலுக்குத் திரும்பிப் போனவர்களுக்குத் தெரியும்: முதற் போகத்தில் முழு விளைச்சல் கிடைக்காது. அதற்காக வயலைக் கைவிடுவதில்லை.

இந்நோயின் மரண வீதம் மனநோய்களுள் மிக உயர்ந்தவற்றில் ஒன்று. இறப்பவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் தற்கொலையால் இறக்கின்றார். ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் நோயாளிகளை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்து 2017 இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது ஆண்டின் பின் நூற்றுக்கு 31 பேரே முற்றாகத் தேறியிருந்தனர். 22 ஆண்டின் பின் தேறியவர்கள் நூற்றுக்கு 63 பேர். காலம் சென்றும் மனிதர் மீள்கின்றார்கள் என்பதை இது காட்டுகின்றது. இளவயதில், தொடங்கிய சில மாதங்களிலேயே கண்டுபிடித்தால் மீட்சி இலகுவாகும்.

வீட்டார் செய்ய வேண்டியவை

1980களில் இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில், பிள்ளையின் உணவுப் பொறுப்பைப் பெற்றோரிடமே கொடுக்கும் முறை ஒன்றை வகுத்தார்கள். பதின்ம வயதினருக்கு அதுவே மிகப் பயனுள்ளதாகக் காணப்பட்டது. பணச்செலவு குறைந்த அம்முறையின் சாரம் எமது வீடுகளுக்கும் பொருந்தும். வைத்தியர் பார்த்து, வீட்டில் வைத்துத் தேற்றலாம் என்று சொன்ன பின்னர் இவற்றைச் செய்யுங்கள்.

1. என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்பதைத் தற்காலிகமாகத் தாயும் தகப்பனும் தீர்மானியுங்கள். காய்ச்சல்காரப் பிள்ளையிடம் மருந்து வேண்டுமா என்று நாம் கேட்பதில்லை.

2. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் மூன்று சிற்றுணவு என்று நேரம் குறித்துக் கொடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து தானும் உண்ண வேண்டும்.

3. அடிக்க வேண்டாம், வாயில் திணிக்க வேண்டாம், மற்றப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். “இது உன் பிழையல்ல மகள், இந்த நோய்க்கு இதுதான் மருந்து” என்று ஒரே சொல்லை அமைதியாகச் சொல்லுங்கள்.

4. தாய் ஒன்றும் தகப்பன் ஒன்றும் சொல்லக் கூடாது. அம்மம்மா, மாமி, பெரியம்மா எல்லோரும் ஒரே பேச்சில் நிற்க வேண்டும்.

5. உண்டபின் ஒரு மணி நேரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். கதை பேசுங்கள், பாய் இழையுங்கள். வாந்தி எடுக்கவும் கடும் வேலை செய்து கரைக்கவும் மனம் தூண்டும்.

6. நிறை தேறும்வரை நீண்ட நடை, தண்ணீர் சுமத்தல், வயல் வேலை, விளையாட்டு ஆகியவற்றை நிறுத்துங்கள்.

7. வாரம் ஒரு முறை, ஒரே தராசில், ஒரே நேரத்தில் நிறுங்கள். நெல் நிறுக்கும் தராசு உதவாது; கிளினிக் தராசே நல்லது. நாளாந்தம் நிறுப்பது பிள்ளையின் பயத்தைக் கூட்டும்.

8. “இப்ப நல்லாக் கொழுத்திட்டாய்” என்று ஊரார் மெச்சுவதைத் தடுத்துவிடுங்கள். உடலைப் பற்றிப் பேசாமல் படிப்பு, தையல், சிநேகிதிகள் பற்றிப் பேசுங்கள்.

நோன்பும் விரதமும்

எமது பிரதேசத்தில் தபசு காலமும் றமழானும் கந்தசஷ்டியும் அடுத்தடுத்த வீடுகளில் நடக்கின்றன. நோன்பு நல்லது. ஆனால் இந்நோய் நோன்பின் உடுப்பை உடுத்திக்கொண்டு ஒளிந்திருக்கக்கூடும். ஊரோடு சேர்ந்து தொடங்கி ஊரோடு சேர்ந்து முடிப்பது நோன்பு. முடிக்க முடியாமல் நீள்வது நோய்.

திருச்சபைச் சட்டம் 18 வயது நிறைந்தவரிலிருந்து 59 வயது நிறையும் வரையுமே ஒறுத்துண்ண வேண்டும் என்கின்றது. நோயாளருக்கு விலக்குண்டு. திருக்குர்ஆன் நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்பை வேறு நாட்களில் நோற்கச் சலுகை தருகின்றது. சைவ வீடுகளிலும் இயலாதவர் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆகவே இந்நோயுள்ள பிள்ளைக்கு உண்பதே அவ்வருட நோன்பு. குருவானவர், மௌலவி, ஐயர் ஆகியோர் தம் வாயால் இதைச் சொன்னால் பிள்ளையின் மனப்பாரம் குறையும்; பெற்றோர் தயங்காமல் போய்க் கேளுங்கள்.

சியன்னா நகர்ப் புனித கத்தரீனாள் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாமல் வாழ்ந்து 1380 இல் 33 வயதில் இறந்தார். அதைப் பின்பற்ற வேண்டிய புண்ணியமாக எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தம்மைக் குறித்துக் கவலைப்பட்ட துறவி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதைத் தமது பலவீனமாகவே கூறி, மற்றவர்களைப் போல் உண்ணும் வரம் கேட்டு இறைவனை மன்றாடுவதாக எழுதியிருக்கின்றார். அவரது புனிதம் நோயாளரைப் பராமரித்ததிலும் சமாதானத்துக்காக உழைத்ததிலும் இருந்தது.

எப்போது, எங்கே போவது?

மூன்று மாதத்தில் சில கிலோ குறைந்தாலோ, மாதவிடாய் நின்றாலோ, சேர்ந்து உண்ணப் பிள்ளை மறுத்தாலோ, குடும்பநல மாதுவிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லி நிறுத்துப் பாருங்கள். காத்தான்குடி ஆதார வைத்தியசாலையிலோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ வைத்தியரிடம் காட்டலாம். காசநோய், நீரிழிவு, தைரொயிட், குடல் நோய் ஆகியவை இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். பின்னர் மனநலப் பிரிவின் உதவி தேவைப்படும். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மயக்கம், குந்தியிருந்து கை ஊன்றாமல் எழும்ப முடியாமை, நாடி நிமிடத்துக்கு 50 இற்குக் குறைதல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், கால் வீக்கம், தண்ணீரும் குடிக்க மறுத்தல், சாவைப் பற்றிய பேச்சு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும். மனவேதனைக்குத் தொலைபேசியில் ஆலோசனை பெற 1926 என்ற இலக்கம் உண்டு.

மாற்கு நற்செய்தியில் யாயீரின் மகளைப் பற்றி வாசிக்கின்றோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. இறந்துவிட்டாள் என்று வீடு ஒப்பாரி வைத்துவிட்டது. ஆண்டவர் கையைப் பிடித்து எழுப்பினார். எல்லோரும் திகைத்து நின்ற வேளையில் அவர் பெற்றோரிடம் சொன்னது மிகச் சாதாரணமான ஒரு காரியம்: அவளுக்கு உண்ணக் கொடுங்கள் என்பதே அது. எழுப்பியவர் அவர், ஊட்டும் வேலையை வீட்டாரிடம் விட்டார். அந்த வேலை எமது வீடுகளில் ஆறு மாதமும் செல்லலாம், ஆறு வருடமும் செல்லலாம். இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில், வீட்டில் கடைசியாக உண்பவர் யார் என்று பாருங்கள். அவரையும் அழைத்து, உங்களோடு பாயில் இருத்திக்கொள்ளுங்கள்.